இரவல் மகன் ஊர்வலம் போன நாள்

நகோன் பனோம் காலைச் சந்தையில் விரால் மீன் சுட்டு விற்கும் சம்ரானுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. செத்த பிறகு நடக்கப்போவதை நினைத்துத்தான் பயம். விடியுமுன் எழுந்து, தொட்டியில் துள்ளும் மீன்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, மரக்கட்டையால் மண்டையில் ஒரே போடு போடுவாள். போடுவதற்கு முன், "மன்னிச்சுக்கோ கண்ணு, அடுத்த பொறப்புல பெரிய எடத்துல பொறந்துக்கோ" என்று முணுமுணுப்பாள். மீன்கள் மன்னித்தனவா என்று தெரியாது. வாயில் எலுமிச்சைப் புல்லைச் செருகி, உடம்பெல்லாம் உப்பை அப்பி நெருப்பில் வைத்தபின் எந்த மீனும் வாய் திறந்ததில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடித்த மீன்கள் அத்தனையும் வரிசையில் வந்து சாட்சி சொன்னால் தன் கதி என்னவாகும் என்று அவள் அடிக்கடி யோசிப்பாள். தப்பிக்க ஒரே வழிதான். மகன் துறவியானால், அவனுடைய காவித் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு பெற்றவள் சொர்க்கத்துக்குப் போய்விடலாம். ஊரில் எல்லா அம்மாக்களும் நம்பியிருக்கும் வழி அது. புருஷனை நம்பிப் பயனில்லை. அவன் எருமை வாங்கிவருகிறேன் என்று மேகோங் ஆற்றைக் கடந்து லாவோஸ் பக்கம் போனான். அங்கே எருமையும் கிடைத்தது, இன்னொரு குடும்பமும் கிடைத்தது. எருமை மட்டுமாவது வந்திருக்கலாம்.

ஆக, எல்லாம் மகன் குங் கையில் இருந்தது. அவன் பாங்காக்கில் கைபேசி விற்கும் பையன். வாடிக்கையாளரிடம் பேசும்போது ஒரு புருவத்தை மட்டும் உயர்த்துவான், அதிலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும் என்பது அவன் நம்பிக்கை. இருபது வயதில் செய்ய வேண்டியதை அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளித் தள்ளி, ஏழு வருஷம் கழித்து ஒருவழியாகச் சம்மதித்தான். கடையில் பதினைந்து நாள் விடுப்பு கொடுத்தார்கள். சொர்க்கத்துக்கு அது போதுமா என்று சம்ரான் புத்தர் கோயிலின் தலைமைத் துறவியான பெரிய சாமியிடமே கேட்டாள். "போதும்மா, சில பேர் மூணு நாள்தான் இருக்காங்க" என்றார் அவர்.

இங்கே துறவியாவதென்றால் தலைமுடியோடு புருவமும் போக வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கொத்து வெட்ட, குங் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான். கடைசியில் புருவத்தையும் மழித்தார்கள். அவன் கைபேசியை எடுத்து முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

காலையில் அவன் படுக்கை காலி. ஊர்வலத்துக்கு உடுத்த வேண்டிய வெள்ளை வேட்டி மடித்தபடி கிடந்தது. மோட்டார் சைக்கிளும் இல்லை, தலைக்கவசமும் இல்லை.

சம்ரான் யாரிடமும் சொல்லவில்லை. வாசலில் பந்தல், பந்தலில் சனம், சனத்துக்கு நடுவில் அடுத்த வீட்டு வான்டீ. போன வருஷம் தன் மகன் துறவியானபோது யானை மேல் ஏற்றிக்கொண்டு போனவள். அதற்குப் பிறகு அவள் வாயில் யானையைத் தவிர வேறு பேச்சே வந்ததில்லை. இவளிடமா போய் "எம்புள்ள ஓடிட்டான்" என்று சொல்வது? சம்ரான் பட்டுக் கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தாள். "உள்ள அலங்காரம் நடக்குது" என்றாள்.

அந்த நேரத்தில்தான் பேருந்து நிலையப் பக்கமிருந்து, முதுகில் தன்னைவிடப் பெரிய மூட்டையோடு ஒரு வெளிநாட்டுப் பையன் வந்தான். பேர் வைனோ, ஊர் பின்லாந்து. இரவுப் பேருந்தில் வந்து இறங்கியிருக்கிறான். தங்கப்போகும் விடுதியை மத்தியானம்தான் திறப்பார்களாம். சியாங் மாயில் ஒரு தியான மடத்தில் சில நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு நேரே வருகிறான். அதனால் மேலிருந்து கீழ்வரை வெள்ளை உடுப்பு, மழித்த தலை. தண்ணீர் கிடைக்குமா என்று கையால் கேட்டான்.

பந்தலுக்குள் வந்தவனைத் தண்ணீரோடு அனுப்பும் வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. "சாப்டியா தம்பி?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் உட்கார வைத்தார்கள். மகன் ஓடிப்போன துக்கத்திலும் சம்ரானின் கை சும்மா இருக்கவில்லை. ஒரு சுட்ட விராலைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் பதறிப்போய்க் கைபேசியை எடுத்துத் தன் மொழியில் என்னவோ சொன்னான். அது எங்கள் மொழியில் ஒப்பித்தது: "மன்னிக்கவும். நான் உயிர்களை உண்பதில்லை."

"இதுல உயிர் ஏது தம்பி? காலைலயே அடிச்சாச்சே" என்றாள் சம்ரான்.

பக்கத்தில் இருந்த வான்டீ சிரித்தாள். "விடுங்கக்கா. பாவம், வாழைப்பழம் குடுங்க. குரங்கு மாதிரி நல்லா சாப்டும்."

பையன் ஒட்டரிசிச் சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டான். எதைச் சொன்னாலும் தலையாட்டிச் சிரித்தான். சம்ரான் மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது சாதாரண மீன் இல்லை. குங்குக்கென்றே தொட்டியில் தனியாக வளர்த்த பெரிய விரால். "இது எம்புள்ளைக்கு" என்று சொல்லித்தான் அன்று காலை அதை அடித்தாள். துறவிக்கென்று கொன்றதைத் துறவி தின்னக் கூடாது, சந்தைக்குக் கொன்றதென்றால் பாதகமில்லை என்பது விதி. அவளுக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனால் அடிக்கும்போது அவன் இன்னும் மகன்தானே, துறவி ஆகவில்லையே என்று தனக்குத்தானே வழக்காடி ஜெயித்திருந்தாள். அந்த மகனே இல்லாதபோது மீனை விருந்தாளிக்குக் கொடுத்தால் என்ன என்றுதான் எடுத்துப் போனாள். அவனும் வேண்டாம் என்றுவிட்டான். கொல்லைப்பக்கம் நின்று குங்குக்குப் போன் அடித்தாள், அடித்தாள், அடித்துக்கொண்டே இருந்தாள். எடுக்கவில்லை. அடுப்புப் புகையில் அழுதால் யாருக்கும் தெரியாது என்று அங்கேயே கொஞ்ச நேரம் அழுதாள்.

அதற்குள் வாசலில் ஒலிபெருக்கி வண்டி வந்து நின்றது. கூடவே துறவியாகப்போகிற பிள்ளையைத் தோளில் தூக்கிச் சுமக்கிற ஆட்களும் வந்தார்கள். சக்கோன் நகோன் பக்கத்து ஆட்கள், இந்த வீட்டையே முதல்முறையாகப் பார்க்கிறவர்கள், விடியலிலிருந்தே நெல் சாராயத்தில் இருந்தவர்கள். பந்தலைப் பார்த்தார்கள். வெள்ளை உடுப்பு, மழித்த தலை. பையனுடைய புருவம் சோளக் கதிரின் நார் போல வெளுப்பு, வெயிலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. முகம் வேறு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஊர்வலப் பிள்ளைகளுக்கு முகத்தில் பவுடரைக் கொட்டுவது வழக்கம்தானே.

"அட, அலங்காரம் முடிஞ்சு பிள்ள ரெடியா ஒக்காந்திருக்கு! தூக்குங்கடா!"

தூக்கினார்கள். யாரோ கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள், யாரோ சாமந்தி மாலை போட்டார்கள். நீளக் காம்புக் குடை விரிந்தது. தாளம் வெடித்தது. பையன் ஒரு கணம் விழித்தான். பிறகு இதுதான் இந்த ஊர் வரவேற்பு போலிருக்கிறது என்று இரண்டு கையையும் கூப்பினான். அந்தக் கும்பிடு குங் கும்பிட்டிருக்கக்கூடியதைவிட நன்றாகவே இருந்தது.

உறவுக்காரர்களுக்குத் தெரியவில்லையா என்றால், தெரிந்தது. முதல் தெரு திரும்புமுன்னே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் பிள்ளை வீட்டாரே சும்மா இருக்கும்போது நாம் எப்படிக் கேட்பது, கேட்டு அவர்கள் முகம் வாடிப்போனால் என்ன செய்வது என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைப் பார்த்து இன்னும் பலமாக ஆடினார்கள்.

சம்ரான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பந்தலில் ஒரு நாயும் அந்தப் பெரிய மூட்டையும்தான் இருந்தன. யாருடைய வண்டியின் பின்னாலோ தொற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். பிரதான மண்டபத்தைச் சுற்றிக் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. தோள்களுக்கு மேலே, குடைக்குக் கீழே, கறுப்புக் கண்ணாடி போட்ட பின்லாந்து.

அவள் நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தாள். அதற்குள் வான்டீ ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏக்கா, வெளிநாட்டுக்காரனையா துறவியாக்குறீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா? இந்த ஜில்லாவுலயே யாரும் செஞ்சதில்லையே!"

வான்டீயின் முகம் வேர்த்திருந்தது. யானை அவள் நெஞ்சுக்குள் மண்டியிட்டுப் படுத்துவிட்டது என்று சம்ரானுக்குப் புரிந்தது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "எல்லாம் புண்ணியந்தானே" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. அதற்காகத் தன்மேல் கோபமும் வந்தது.

மண்டபப் படியில் பெரிய சாமி நின்றிருந்தார். "சம்ரான், ஒம்மவன் எங்கம்மா?"

"வந்துட்டே இருக்கான் சாமி."

"அப்ப மேல இருக்கறது?"

"விருந்தாளி சாமி." தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கேட்டேவிட்டாள். "ஒருவேள அவன் வரலேன்னா... இந்தத் தம்பியவே ஆக்கிட்டா, இவன் துணி முனையப் புடிச்சா ஆவாதா? காலைல நாந்தான் சோறு போட்டேன்."

பெரிய சாமிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "பெத்தவங்க சம்மதம் இருக்கான்னு உள்ள கேப்பேனே. அவன் என்ன சொல்வான்? வாழப்பழம் குடுத்தவங்க சம்மதிச்சாங்கன்னா?"

சம்ரான் தூக்குகிறவர்களிடம் போனாள். "சுத்துங்கப்பா. நிறுத்தாதீங்க."

"மூணு சுத்துதானம்மா வழக்கம்? தோள் எரியுது."

"ஒங்க ஊருல மூணு. எங்க ஊருல பிள்ள முகம் சிவக்கற வரைக்கும்."

பையனின் முகம் ஏற்கெனவே நன்றாகச் சிவந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவர்கள் வெளியூர்க்காரர்கள், நம்பினார்கள். சம்ரான் ஊர்வலத்துக்கு முன்னால் வந்து, வாழ்க்கையில் ஆடாதவள், இரண்டு கையையும் தூக்கி ஆடினாள். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. வாடா, வாடா என்று தாளத்துக்குள் தாளமாக அவள் மனசு அடித்துக்கொண்டது. உச்சிவேளை தாண்டினால் துறவிகளுக்குச் சாப்பாடு இல்லை, எல்லாம் நாளைக்குத் தள்ளிப்போகும். நாளைக்கு அவன் மனசு என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்?

குங் அப்போது ஆற்றங்கரை நூடுல்ஸ் கடை ஒன்றில், தலைக்கவசத்தைக் கழற்றாமலே நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா அழைத்ததை எல்லாம் எடுக்காதவன், பாங்காக்கிலிருந்து காதலி நுன் அழைத்ததும் உடனே எடுத்தான். ஊர்வலத்தை யாரோ கைபேசியில் நேரலையாக விட்டிருக்கிறார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஒங்க ஊர்தானே இது? யாருப்பா அந்தப் பையன்? புருவம் இல்லாம என்னா அழகு! பொண்ணுங்க எல்லாம் அவங்கூடப் போட்டோ எடுக்குதுங்க. ஆமா, இன்னிக்கு ஒனக்குதானே ஊர்வலம்?"

பெற்றவள் ஏழு வருஷம் கெஞ்சிக் கிடைக்காதது இந்த ஒரு அழைப்பில் கிடைத்தது. நூடுல்ஸ் பாதியில் நின்றது.

கோயில் வாசலில் வண்டி வந்து நின்றதும் சம்ரான் ஆட்டத்தை நிறுத்தினாள். அடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் போய் அவன் தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்து மெல்லக் கழற்றினாள். வழுவழுவென்ற அந்த முகத்தைப் பார்த்து, "பொறந்தப்ப இப்பிடித்தாண்டா இருந்தே" என்றாள்.

சக்கோன் நகோன்காரர்கள் இரண்டு மொட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "அம்மா, இதுல எதும்மா ஒங்க புள்ள?"

"கடைசியா வந்தது."

வைனோவை இறக்கிவிட்டு, குங்குக்கு வெள்ளையைச் சுற்றித் தூக்கினார்கள். மறுபடி மூன்று சுற்று. வைனோ தள்ளாடியபடி வந்து தன் கைபேசியில் பேசினான். அது கேட்டது: "உங்கள் நகரம் அற்புதம். எல்லாப் பயணிகளையும் இப்படித்தான் வரவேற்பீர்களா?"

"ஆமா தம்பி" என்றாள் சம்ரான். அன்றைக்கு அவள் சொன்ன பொய்களில் அது சிறியது.

உள்ளே கேள்விகள் முடிந்தன, காவி சுற்றினார்கள். வெளியே வந்த துறவிக்கு முன்னால் பெற்றவள் மூன்று தரம் தரையில் விழுந்து கும்பிட்டாள். இனி அவனைத் தொடக்கூடாது. டேய் என்று கூப்பிடக்கூடாது.

பிறகு சாப்பாடு. சம்ரான் வீட்டுக்கு ஆள் அனுப்பி எடுத்து வந்த பெரிய விராலைத் துணிமேல் வைத்து நீட்டினாள். புதுத் துறவி மீனைப் பார்த்தான். அதன் வாசனை அவனுக்குத் தெரியும், அளவும் தெரியும். ஊருக்கு வந்த நாளிலிருந்து தொட்டியில் அதற்குச் சோறு போட்டவனே அவன்தான். கைகள் வாங்காமல் நின்றன. பெரிய சாமி சொல்லிக்கொடுத்ததை முதல்முறையாகக் கேட்டான்.

"இது... எனக்காக அடிச்சதா?"

சம்ரான் நிமிர்ந்து பார்த்தாள். ஆமாம் என்றால் மகனுக்கு அந்த மீன் இல்லை. புதுக்காவியின் முன்னால், சொர்க்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஒரு துறவியிடம் பொய் சொல்வது எந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இல்ல சாமி. அந்த வெளிநாட்டுத் தம்பிக்குன்னு அடிச்சது. மிச்சம்."

எல்லோரும் வைனோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தட்டில் வாழைப்பழத் தோல் மட்டும் கிடந்தது. பக்கத்தில் வான்டீ. அவளுக்கு எல்லாம் தெரியும், காலையில் கூடவே இருந்தவள். வாயைத் திறந்தாள். சம்ரானின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பெரிய சோற்று உருண்டையை எடுத்து அந்த வாயை அடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து தலையாட்டியே நல்லது கண்ட வைனோ, இப்போதும் அகலமாகச் சிரித்துத் தலையாட்டினான்.

துறவி மீனை வாங்கிக்கொண்டான். சின்ன வயதிலிருந்து செய்வதுபோலவே முதலில் கன்னச் சதையைப் பிய்த்து எடுத்தான். சொர்க்கம் கொஞ்சம் தள்ளிப் போனால் போகட்டும் என்று சம்ரான் மறுபடியும் விழுந்து கும்பிட்டாள், அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.