ஒன்றரைக் கட்டை

டென்சில் பார்டோ தன் பாட்டைத் தானே கேட்கமாட்டார். இசைத்தட்டு வெளிவந்த அன்றே அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். வீட்டில் கிதார் கிடையாது, பியானோ கிடையாது. மேடையில் கிளிஃப் ஹிங்லி கிதாரில் சுருதி கொடுப்பார், அதைப் பிடித்துக்கொண்டு இவர் தொண்டையைத் திறப்பார். ஐம்பது வருஷமாக ஏற்பாடு அதுதான்.

இரண்டு பேரும் இங்கிலாந்தில் எங்கள் டிப்டன் ஊர்க்காரர்கள். சங்கிலிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டே 'ஃபர்னஸ் லேன்' என்ற ராக் குழுவைத் தொடங்கினார்கள். 'ஏழு புகைபோக்கி' என்ற ஒரே பாட்டு அவர்களை பர்மிங்ஹாமின் பெரிய அரங்குக்கும் அங்கிருந்து ஜெர்மனிக்கும் தூக்கிக்கொண்டு போனது. பாட்டின் முடிவில் டென்சில் ஒரு கத்தல் கத்துவார். உச்சத்தில் பதினொரு விநாடி நிற்கும். அதைக் கேட்கத்தான் ஜனம் வந்தது.

பிறகு அரங்கு சுருங்கியது. நகர மன்றம், சின்ன நாடகக் கொட்டகை, பப்பின் பின்னறை, ஒரு தரைவிரிப்புக் கடையின் திறப்பு விழா. டிரம்மர் செத்தார், கிளிஃப்பின் மருமகன் உட்கார்ந்தான். ரசிகர்களுக்கும் முட்டி போயிருந்தது, நாற்காலி கேட்டார்கள்.

2006இல் டட்லியில் டென்சிலின் குரல் ஒரே வாரத்தில் இரண்டு முறை உடைந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு கிளிஃப் சுருதி அரைக் கட்டை இறங்கும்படி எல்லாக் கம்பிகளையும் தளர்த்திவிட்டார். பாஸ் கிதார்காரனிடம் சொன்னார், டென்சிலிடம் சொல்லவில்லை. கத்தல் சரியாக வந்தது. சில வருஷம் கழித்து இன்னொரு அரை. அப்புறம் இன்னொன்று.

வயதான பாடகர்கள் எல்லோரும் செய்வதுதான், அதில் வெட்கமில்லை. ஆனால் டென்சில் பப்பில் உட்கார்ந்து, வறுத்த பன்றித்தோலைக் கொறித்துக்கொண்டு, அவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கிண்டலடிப்பார்.

"அவனுங்க எல்லாம் சுருதிய எறக்கிட்டானுங்கடா. நான் எறக்கினேனா? கேளு கிளிஃப்பை."

கிளிஃப் பீருக்குள் பார்ப்பார். பீர் ஊற்றும் பெண்ணுக்குக்கூட விஷயம் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஸ்கெக்னெஸ் கடற்கரைப் பக்கம் ஒரு விடுமுறை முகாம். கோடையில் குடும்பங்கள் வரும். பிப்ரவரியில் அறைகள் காலியாகக் கிடப்பதால் பழைய ராக் ரசிகர்களுக்கு மூன்று நாள் விற்பார்கள். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஃபர்னஸ் லேன். எதிரே எண்பது பேர், பாதிப் பேர் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். ஏழு மணிக்கு, ஃபர்னஸ் லேன் பாட்டுகளையே பாடும் நகல் குழு. அதற்கு இரண்டாயிரம் டிக்கெட் போயிருந்தது. அதன் பாடகன் கீரன், வால்சாலில் கேஸ் குழாய் வேலை செய்பவன். டென்சிலின் பழைய முடி மாதிரியே ஒரு விக் வைத்திருந்தான்.

முகாமின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் லொரெய்ன் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு ஃபர்னஸ் லேனுக்கு அடுத்த வருஷம் இடமில்லை. ஆனால் டென்சில் இரவு நகல் குழுவோடு ஏறி, கடைசிப் பாட்டான 'ஏழு புகைபோக்கி'யைப் பாடி, அந்தக் கத்தலைக் கத்தினால் அவருக்கும் ஒப்பந்தம் உண்டு. அவள் முடிக்கும் முன்பே டென்சில் சரி என்றார்.

எந்த சுருதியில் பாடுவீர்கள் சார் என்று கீரன் மரியாதையாகக் கேட்டான்.

"இதென்ன கேள்வி? ரெக்கார்டுல இருக்கிற சுருதிதாண்டா."

கிளிஃப் தனியாகப் போய் ஒன்றரைக் கட்டை இறக்கச் சொல்லிக் கீரனிடம் கெஞ்சினார். கீபோர்டு முழுக்கக் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்தது, இன்று மாற்ற முடியாது என்று அவன் கையை விரித்தான். கிளிஃப் நேரே டென்சிலின் அறைக்குப் போனார்.

"இன்னைக்கு வேணாம்டா. தொண்டைக்கு ஓய்வு குடு."

"ஏன், உன்னைக் கூப்பிடலேன்னு வயித்தெரிச்சலா?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். கிளிஃப் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டார்.

மேடையில் முதல் சரணத்திலேயே டென்சிலின் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவதில் திரும்பித் திரும்பி கிளிஃப்பைத் தேடினார். கிளிஃப் கூட்டத்துக்குப் பின்னால், ஒலியமைப்பாளரின் மேசைக்கு அருகே நின்றிருந்தார். கத்தலுக்கான இடம் வந்தது. டென்சில் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார், வாய் திறந்தார். காற்று வந்தது, குரல் வரவில்லை. கீரன் ஒரு கணம்தான் தயங்கினான். பிறகு அந்தக் கத்தலை எடுத்து, பதினொரு விநாடியும் சுத்தமாக நிறுத்தி, கிழவரின் தோளில் கை போட்டான்.

கூட்டம் எழுந்து நின்றது. பெரியவர் இளையவனிடம் பாட்டை ஒப்படைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அழுதவர்களும் உண்டு.

மேடைக்குப் பின்னால் டென்சில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கிளிஃப் வந்து எதிரே நின்றார்.

"எவ்ளோடா எறக்கின?"

"ஒன்றரைக் கட்டை."

"எத்தனை வருஷமா?"

"பதினாறு. கொஞ்சம் கொஞ்சமா."

யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார். பீர் ஊற்றும் பெண்வரைக்கும் என்றார் கிளிஃப்.

"சொல்லியிருந்தா நானே எறக்கச் சொல்லியிருப்பேனேடா."

"நீயா?" என்றார் கிளிஃப்.

அதற்குள் லொரெய்ன் ஓடி வந்தாள். முகம் பூரித்துக் கிடந்தது.

"அந்த இடத்துல நிறுத்தினது இருக்கே, நீங்க வாயைத் தொறந்துட்டு அப்படியே விட்டுக்குடுத்தது, எனக்குப் புல்லரிச்சிடுச்சு. அடுத்த வருஷமும் அச்சு அசல் அப்படியே வேணும்."

டென்சில் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு ரயிலில் தனியாகப் போனார். கிளிஃப்போடு அதற்கப்புறம் பேச்சில்லை. ஃபர்னஸ் லேன் அத்தோடு முடிந்தது. கிளிஃப்பின் கிதார்கள் மருமகனின் கார் கொட்டகையில் இருக்கின்றன.

ஒவ்வொரு பிப்ரவரியும் டென்சில் ஸ்கெக்னெஸ் போகிறார். சுவரொட்டியில் அவர் பெயர் கீரனின் குழுவுக்குக் கீழே, 'சிறப்பு விருந்தினர்' என்று சின்ன எழுத்தில் வருகிறது. எந்த இடத்தில் நிற்க வேண்டும், விளக்கு எப்போது அவர்மேல் விழும், எல்லாம் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இந்த வருஷம் அவர் மூச்சைக்கூட இழுக்கவில்லை. நேரம் வந்ததும் வாயை மட்டும் திறந்தார். கூட்டம் எழுந்து நின்றது.