ஆர்லீன் டூடெக்கின் அரூபா

அமெரிக்காவின் வடக்கே பனி கொட்டும் ஊரான சீக்டவாகாவில் யாராவது கரீபியன் கடலில் உள்ள அரூபா தீவுக்குப் போக ஆசைப்பட்டால் முதலில் விமான டிக்கெட் எடுக்க மாட்டார்கள். ஆர்லீன் டூடெக்கின் சமையலறைக்குத்தான் போவார்கள். கடைத்தெருவில் ஒரு பயண ஏஜெண்ட் இருந்தார். ஆர்லீன் இலவசமாகச் சொல்வதை அவர் காசுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்கும்? இப்போது அந்தக் கடையில் நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.

அறுபத்தொரு வயது ஆர்லீன், கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்குகிற கவுண்ட்டரில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. படத்தில் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தால் திருப்பி அனுப்புவாள். பின்னால் நிழல் விழுந்திருந்தால் திருப்பி அனுப்புவாள். மூக்குக்கண்ணாடியோடு எடுத்த படத்தைக் கையால்கூடத் தொடமாட்டாள், பேனா முனையால் தள்ளிவிடுவாள். தேனிலவுக்குக் கிளம்பிய ஒரு பெண் அவள் எதிரிலேயே அழுதுவிட்டாள். "அழுது முடி. கண்ணு வீக்கம் வடிஞ்சதும் கண்ணாடி இல்லாம வேற படம் எடுத்துட்டு வாம்மா" என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

இந்த அரூபா பைத்தியம் பிடித்து பதினாலு வருஷம் ஆகிறது. அந்தக் குளிர்காலத்தில் பனி கொட்டி மூன்று நாள் கதவைத் திறக்க முடியவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் அவள் கணவன் வால்ட், ஒரு வாரம் மீன் பிடித்துவிட்டு வருகிறேன் என்று ஃப்ளோரிடாவுக்குப் போயிருந்தான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அங்கே ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். வீட்டில் தனியாக மாட்டிக்கொண்ட ஆர்லீனுக்கு, தபாலில் வந்த ஒரு விளம்பரப் புத்தகம்தான் துணை. மழையே அதிகம் பெய்யாத தீவு, புயல்கூட ஒதுங்கிப் போகும் தீவு, வருஷம் முழுக்க வெயில் என்று அதில் போட்டிருந்தது. பனி வாருகிற மண்வாரியை மூலையில் சாய்த்துவிட்டு அதை மூன்று முறை படித்தாள்.

அன்றைக்கு ஆரம்பித்த ஃபைல் இன்று நாலு தடிமனான ஃபைல்களாகிவிட்டது. ஒவ்வொரு தாளும் பிளாஸ்டிக் உறைக்குள், ஓரத்தில் கலர் ஒட்டுச்சீட்டோடு. தொப்பிக்கு நாடா இல்லாவிட்டால் காற்று கொண்டுபோய்விடும், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், கடற்கரையில் ஓலைக்குடில் வேண்டுமென்றால் விடிகிறபோதே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஊர் திரும்புகிற நாளில் ஏர்போர்ட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும். எல்லாம் அத்துப்படி. அவள் பேச்சைக் கேட்காமல் போனவர்கள் மூக்குத்தோல் உரிந்து வந்தார்கள். கேட்டுப் போனவர்களுக்கும் மூக்குத்தோல் உரிந்தது. ஆனால் அவர்களிடம் கற்றாழைக் களிம்பு தயாராக இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் ஊருக்குத் தெரியாது. ஆர்லீன் அரூபாவுக்குப் போனதே இல்லை. அரூபா என்ன, விமானத்திலேயே ஏறியதில்லை. ஊருக்கெல்லாம் பாஸ்போர்ட் வாங்கித் தந்தவளிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. இதில் அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. போயிருக்கிறாயா என்று பதினாலு வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவ்வளவு விவரமாகப் பேசுகிறவளிடம் அப்படிக் கேட்பது அவமரியாதை என்று ஊரே நினைத்துக்கொண்டது.

வினை மாதாகோயில் மீன் வறுவலில் வந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் மீன் வறுத்து விற்பார்கள். எண்ணெய்ச் சட்டி பெர்னிஸ் கூபியாக் பொறுப்பு, டோக்கன் டாட்டி பொறுப்பு, முட்டைக்கோஸ் சாலட் ஆர்லீன் பொறுப்பு. மூவரும் முப்பது வருஷத் தோழிகள். கடைசி வெள்ளி, கூட்டம் கலைந்த பிறகு பெர்னிஸ் கரண்டியால் மேஜையைத் தட்டினாள்.

"வர்ற ஜனவரி நாம மூணு பேரும் அரூபா போறோம். மூணு பேருக்கும் ரூம் போட்டாச்சு."

"யாரைக் கேட்டுடி போட்ட?" என்றாள் ஆர்லீன்.

"உன்னைக் கேட்டா அஞ்சு வருஷம் பிளான் போடுவ. நாங்க அதுக்குள்ள கல்லறைக்குப் போயிருப்போம்."

"நீதான் கூட்டிட்டுப் போற," என்றாள் டாட்டி. "நான் உன் கையைப் பிடிச்சிட்டே வரப்போறேன். எனக்கு ஃபிளைட்னா பயம். உனக்கென்ன, பழகினவ."

ஆர்லீன் மீதி சாலட்டை மூடிவைத்தாள். ஏற்கெனவே மூடியிருந்த பாத்திரத்தையும் திறந்து இன்னொரு முறை மூடினாள்.

அதற்கப்புறம் எட்டு மாதம் அவள் பிளான் போட்டாள். ஏழு பகலுக்கும் மணிவாரியாக அட்டவணை, பெர்னிஸுக்கு ஒன்று, டாட்டிக்கு ஒன்று. டாட்டியின் பெட்டியை எடைபோட்டு இரண்டு ஜோடி செருப்பைப் பிடுங்கிப் போட்டாள். தன் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. அந்த அலுவலகத்திலேயே காலை எட்டு முதல் மாலை நாலு வரை உட்கார்ந்திருப்பவளுக்கு நேரம் கிடைக்கவில்லையாம்! டிசம்பர் முதல் வாரத்தில், இனிமேலும் தள்ளினால் நன்றாக இருக்காது என்ற பிறகுதான், பக்கத்துக் கவுண்ட்டர் டெரன்ஸிடம் விண்ணப்பத்தை நீட்டினாள்.

டெரன்ஸ் ஃபாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இது முதல் தடவை வாங்குறவங்க ஃபாரமாச்சே?"

"ஆமா. முத்திரையைக் குத்து."

"அப்ப நீங்க... அரூபா..."

"டெரன்ஸ், உனக்குப் பின்னாடி வரிசை நிக்குது."

அவன் நல்ல பையன், நாற்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாயை மூடிக்கொண்டான். படத்தை அவன் பார்க்கவே இல்லை. ஆர்லீன் கொடுத்த படத்தை யார் சரிபார்ப்பார்கள்? அந்தப் படத்தில் ஆர்லீன் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். கவனிக்காமல் நடந்தது என்று நினைக்க வேண்டாம். கவரில் போடும்போது அவளே அதைப் பார்த்தாள், நன்றாக ஒரு முறை பார்த்தாள், பிறகு ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

புத்தாண்டு கழிந்ததும் கடிதம் வந்தது: படம் ஏற்கப்படவில்லை, கண்ணாடியில்லாமல் வேறு அனுப்பவும். அவசரமென்றால் எந்த ஊருக்குப் போய் ஒரே நாளில் வாங்கலாம் என்பதை ஆயிரம் பேருக்குச் சொன்னவள் அவள்தான். கடிதத்தை நாலாவது ஃபைலில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள்.

அவளுக்குப் பயம்தான், வேறென்ன? விமானத்தை நினைத்து அல்ல. அங்கே போய் இறங்கி, கடல் அந்த விளம்பரப் புத்தகத்தில் இருந்த நீலமாக இல்லாவிட்டால், பதினாலு குளிர்காலம் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று ஆகிவிடும். வால்ட் இல்லாத வீட்டில் அவளுக்கு இருந்தது அந்த நீலம் ஒன்றுதான்.

"பாஸ்போர்ட் வரல" என்று தோழிகளிடம் சொன்னாள். அதுவும் பொய்யில்லை.

"ஊரான் பாஸ்போர்ட்டையெல்லாம் பூதக்கண்ணாடி வச்சுப் பாப்பா, தன்னோடதைப் புதுப்பிக்க மறந்துட்டா பாரு!" என்று டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள். பெர்னிஸ் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் இருவரும் ஆளுக்கொரு அட்டவணையோடு கிளம்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் மதியம் போன் வந்தது. ஆர்லீன் அப்போதுதான் வாசல் பனியை வாரிவிட்டு, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"அடியே, எல்லாம் நீ சொன்ன மாதிரியே இருக்குடி!" பெர்னிஸ் கத்தினாள். "மரமெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சு நிக்குது. கள்ளிச்செடி நடுவுல ஆடு மேயுது. டாட்டி நாடா கட்டல, தொப்பி கடலுக்குள்ள போயிடுச்சு. உக்காந்து அழுறா!"

"கடல் என்ன நிறமா இருக்கு?"

"நீ சொன்ன அதே நிறம். ஒரு பொட்டு மாத்தமில்ல."

போனுக்குள் காற்று இரைந்துகொண்டிருந்தது. நாலு ஃபைலிலும் அந்தச் சத்தம் இல்லை. ஆர்லீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பொய்யாக இருந்திருந்தால் தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். எல்லாமே உண்மையாக இருந்துதொலைத்ததே!

"சரி, ஒண்ணு கேக்கணும்," என்றாள் பெர்னிஸ். "நீ போயிருந்தப்ப எந்தக் குடில்ல உக்காந்த? நாங்களும் அதுலயே உக்காந்து உனக்குப் படம் அனுப்புறோம்."

"லைன் சரியா கேக்கல" என்று சொல்லி ஆர்லீன் போனை வைத்துவிட்டாள். அவள் சொன்ன முதல் பொய் அதுதான். பூட்ஸிலிருந்து உருகிய பனி தரையெல்லாம் பரவியிருந்தது. அன்று முழுவதும் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் காலை அவள் கவுண்ட்டருக்கு ஒரு இளைஞன் வந்தான். முதல் பாஸ்போர்ட். எந்த ஊர் என்றாள். அரூபா என்றான், மார்ச்சில் போகப் போகிறானாம். விண்ணப்பத்தில் ஒரு பிழையில்லை. படத்தில் மட்டும் கண்ணாடி போட்டிருந்தான்.

வழக்கம்போல் பேனா முனையால் தள்ளிவிடுவாள் என்று பக்கத்தில் டெரன்ஸ் காத்திருந்தான். ஆர்லீன் படத்தைக் கையிலேயே எடுத்தாள், வெகுநேரம் பார்த்தாள்.

"கண்ணாடியைக் கழட்டிட்டு இன்னைக்கே வேற எடுத்துட்டு வா தம்பி. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்றாத."

"ஒரு கண்ணாடிக்கா இவ்வளவு?" அவனுக்கு எரிச்சல். "அவ்வளவு கஷ்டப்பட்டுப் போற அளவுக்கு அந்த ஊர்ல என்ன இருக்கு? நீங்க போயிருக்கீங்களா மேடம்?"

டெரன்ஸ் தன் முத்திரையை எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லப்பா," என்றாள் ஆர்லீன். "நானும் கண்ணாடியோடதான் படம் எடுத்தேன்."