ஸுஹைர் மச்சானின் ஸ்கோப்

என் ராத்தாவைக் கட்டிய ஸுஹைர் மச்சானைப் போல ஒரு கஞ்சனைக் கிண்ணியா முழுக்கச் சல்லடை போட்டாலும் கிடைக்காது. எருமை வளர்த்துத் தயிர் விற்கிறவர். வயல் காவலுக்கென்று பெர்மிட்டில் எடுத்த துவக்கு ஒன்று வைத்திருக்கிறார். அதன் மேல் எங்கேயோ மலிவாகக் கிடைத்த, குறி பார்க்கும் பழைய ஸ்கோப் ஒன்றை மாட்டினார். பிடித்தது சனியன்.

விடியற்காலையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. அதை வெயிலில் காய வைத்தார். வெடி ஒருநாள் இடப்பக்கம் போனது, மறுநாள் வலப்பக்கம். குறி திருத்தும் குமிழைத் திருகித் திருகி அதையும் கெடுத்தார். உண்மையில் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையத்தில்தான் திருகாணி தளர்ந்து கிடந்தது. இறுக்கிக் கொடுத்தேன். மோட்டார் சைக்கிளில் குலுங்கினால் திரும்பவும் தளரும், போன இடத்தில் முதலில் ஒரு வெடி வைத்துப் பாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மரத்தைச் சுடவா தோட்டா தருகிறார்கள் என்று சீறினார்.

போன மாரியில் வெருகல் பக்கம் ஒரு குழுவன் வெறி பிடித்துத் திரிந்தது. மந்தையை விட்டுக் காடேறிய எருமைக் கடாவைத்தான் குழுவன் என்போம். ஒரு வயற்காரரைக் குத்திக் கொன்றுவிட்டது. மச்சானைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களில் துவக்குக்காரனோடு கத்திக்காரன் ஒருவனும் போவான். மாடு விழுந்ததும், உயிர் போகுமுன் ஓடிப்போய் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க வேண்டும். பிந்தினால் இறைச்சி ஹராம். அன்றைக்குக் கத்தி என் கையில்.

பாதை முழுக்கக் குழி. இறங்கிய பிறகும் மச்சான் வெடி வைத்துப் பார்க்கவில்லை. தோளுக்கு வைத்த குறி பின்தொடையைக் கிழித்தது. கடா முழங்கால் மடிந்து சரிந்தது. விழுந்துவிட்டது என்று பாய்ந்தேன். அது எழும்பித் திரும்பியது. கொம்பு என் அடிவயிற்றில் ஏறியது. தூக்கி எறிந்துவிட்டு, விழுந்த இடத்துக்கே வந்து மறுபடியும் குத்தியது. என் விலா முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஸ்கோப்பில் பார்த்துச் சுட்டிருந்தால் மச்சான் என்னைத்தான் கொன்றிருப்பார். அவர் ஓடி வந்து, துவக்கின் வாயைக் கடாவின் காதடியில் வைத்து விசையை அமுக்கினார். சூடான இரத்தம் என் முகத்தில் கொட்டியது. கடா பக்கத்தில் சாய்ந்து கால்களை உதைத்தது.

என் வயிறு திறந்து கிடந்தது. மச்சான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துச் சுருட்டி அதில் வைத்து, இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தார். எனக்கு அப்போதும் புத்தி இறைச்சியில்தான். உயிர் இருக்கு, போய் அறுங்கோ என்றேன். சிந்திய தயிரைக்கூட வழித்தெடுக்கிற மனிதர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஹராமாப் போகட்டும் பாயிஸ். கைய எடுத்தா நீ மவுத்தாயிருவாய்டா" என்று அழுதார்.

வயற்காரர்கள் எங்கள் இருவரையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் கைகளை என் வயிற்றிலிருந்து விரல் விரலாகப் பிரித்தெடுக்க மூன்று தாதிமார் பாடுபட்டார்களாம்.