பூச்சியம் வராத மீதி

வியாழக்கிழமை காலை, வெள்ளவத்தையில் பஸ்சுக்கு நின்றபோது தொலைபேசி அடித்தது. றீற்றா அக்காவின் தங்கை மெற்றில்டா. "அக்கா போயிட்டா, அண்ணா" என்றார். பஸ் வந்தது, ஏறினேன். அலுவலகத்துக்கா, கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்கா என்று யோசிக்கவும் தென்பில்லை.

புறக்கோட்டையில், கப்பல் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் அலுவலகத்தில் பதினெட்டு வருடங்கள் என் மேசையும் றீற்றா அக்காவின் மேசையும் அருகருகே இருந்தன. அதிகம் கதைக்காதவர். ஒரு மதியம், சோற்றுப் பார்சலைப் பிரித்தபடி, வீட்டுக் கம்பியூட்டரில் ஒரு பெரிய முதன்மை எண்ணைத் தேடுவதாகச் சொன்னார். உலகமெங்கும் பலர் ஆளுக்கோர் எண்ணாகப் பங்கிட்டுத் தேடுகிறார்களாம்.

"ரெண்டை ரெண்டாலயே கோடிக்கணக்கான தரம் பெருக்கி, ஒண்டைக் கழிச்சா வாற எண், சிவா. ஒண்டாலயும் தன்னாலயும் மட்டும் பிரிபட்டா முதன்மை எண்."

"அவ்வளவு பெரிசை எதெதால பிரிச்சுப் பாக்கிறது?"

"அப்பிடிப் பாக்கத் தேவையில்லை. நாலில தொடங்கி, அதை வர்க்கமாக்கி, ரெண்டைக் கழிச்சு, அந்தப் பெரிய எண்ணால வகுத்து மீதியை எடுக்கோணும். பிறகு அந்த மீதியை வர்க்கமாக்கோணும். இப்பிடியே கோடிக்கணக்கான தரம். கடைசி மீதி பூச்சியமெண்டா முதன்மை எண்."

ஓர் எண்ணுக்கு மாதக்கணக்காகும். மின்வெட்டுக் காலத்தில் இன்னும் இழுபட்டது. ஒருமுறையும் பூச்சியம் வரவில்லை. நான் கவலைப்பட்டால், "இந்த எண்ணை இனி ஆரும் தேடத் தேவையில்லைத்தானே" என்பார்.

சுகவீனமாகி ஆசுப்பத்திரியில் சேர்ந்தபோது ஓர் எண் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. வேலை முடிந்து கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் போய், திரையைப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை முடிந்தது என்று வார்டில் போய்ச் சொல்வேன். அவர் மெலிந்துகொண்டே போனார். எண்ணிக்கை ஏறியது.

செவ்வாய்க்கிழமை தொண்ணூற்றெட்டு. புதன்கிழமை முடிந்திருந்தது, மீதி பூச்சியமில்லை. கம்பியூட்டரை நிற்பாட்டிவிட்டு வார்டுக்குப் போனேன்.

"எவ்வளவு?"

"தொண்ணூற்றாறு" என்றேன், முடிந்ததைச் சொல்ல மனமில்லாமல்.

என்னைப் பார்த்தார். "நேற்று தொண்ணூற்றெட்டெல்லோ. குறையுமே, சிவா?"

படுக்கை விரிப்பின் மடிப்பை நீவிவிட்டேன்.

"முடிஞ்சுது, என்ன? பூச்சியமில்லை."

"ஓம், அக்கா."

"அடுத்ததைப் போட்டனீங்களோ?"

"இல்லை. நிப்பாட்டிப் போட்டன்."

கோபிப்பார் என்று நினைத்தேன். என் கையைத் தொட்டு, "சரியாக் களைச்சுப் போனீங்கள். வீட்டை போய்ப் படுங்கோ" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

அடக்கத்தன்று மழை. அலுவலகத்தார் மதிய இடைவேளையில் வந்து நின்றனர். ஜெபம் சொன்ன பாதர், அவரை நேரம் தவறாத ஊழியர் என்று புகழ்ந்தார். எண்களைப் பற்றி அங்கே எவருக்கும் தெரியாது. "நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ, அண்ணா" என்று மெற்றில்டா கேட்டார். காலில் நனைந்திருந்த சப்பாத்தைப் பார்த்தபடி தலையாட்டி மறுத்தேன்.

அன்று சொல்லாததை இங்கே எழுதிவிட்டேன், அக்கா. நீங்களும் களைத்துத்தான் போயிருப்பீர்கள். படுங்கள்.