சோறு தின்று வாங்கிய கார்

பழைய கார் வாங்கப் போகிறவருக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: விற்பவர் வீட்டில் சாப்பிடாதீர்கள். எஞ்சின், டயர், பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகு.

அப்போது மனைவிக்கு எட்டு மாதம். முதல் பிள்ளைக்கு ஓட்டோவில் குலுங்கிக் குலுங்கிக் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனதை அவள் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடவில்லை. "இந்த முறை கார் இல்லாட்டி நான் ஊட்டுலயே பெத்துக்கிறன்" என்றாள். சொன்னால் செய்கிற ஆள். எனக்குப் பயமாக இருந்தது.

கடற்கரைக் கார் வேண்டாம், உப்புக்காற்று அடியைத் தின்றிருக்கும் என்று எங்கள் கடலோரத் தெரு முழுக்கச் சொன்னார்கள். ஆகவே வயல் பக்கம், வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். தெரிந்த மெக்கானிக், கராஜ் பாஸ் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்ல வேண்டும், சூட்டில் குறை தெரியாது, காந்தம் ஒட்டாத இடத்தில் துருவை மறைக்கப் பட்டி பூசியிருப்பார்கள், கால் விரிப்பைத் தூக்க வேண்டும், கடைசியில் வெட்கப்படாமல் அடியில் படுக்க வேண்டும். காந்தம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கடைசி வரை அங்கேயே இருந்தது.

விற்பவர் வயல்காரர், தங்கமான மனிதர். அறுவடை முடிந்த சந்தோஷத்தில் இருந்தார். நான் செருப்பைக் கழற்றுமுன்னே உள்ளிருந்து இறைச்சி வாசம் வந்தது.

"முதல்ல சாப்பிடுவம் தம்பி. கார் எங்க ஓடப்போகுது?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சோறும் இறைச்சியும் குவித்த ஒரே பெரிய தட்டை, சகனை, சுற்றி உட்கார்ந்தோம். அவர் கை ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம். பெரிய துண்டுகளையெல்லாம் என் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார். கையில் கறி வாசம் போகுமுன் அந்த மனிதரின் காருக்கு அடியில் எப்படிப் படுப்பது? காந்தத்தை எடுப்பதே அவரைக் கள்ளன் என்று சொல்வதுபோல. எஞ்சின் சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் கொஞ்சம் ஓட்டி வெச்சன்" என்றார். என்மேல் எவ்வளவு அன்பு என்று நினைத்தேன். டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, "மாஷா அல்லாஹ், நல்ல கார்" என்றேன்.

வலி வந்த அன்று மாரி மழை. தெருவெல்லாம் வெள்ளம். பாதி வழியில் பின்சீட்டிலிருந்து மனைவி, "இஞ்ச, என்ட கால் நனையுது" என்றாள். பனிக்குடம் உடைந்துவிட்டதென்று நான் பதறினேன்.

"அதில்ல. கீழ இருந்து வருது."

விரிப்புக்கு அடியில் தகரம் இல்லை, ஓட்டைதான் இருந்தது. முன்சீட்டில் காலைத் தூக்கி வைத்தபடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். மகள் சுகமாகப் பிறந்தாள், அல்ஹம்துலில்லாஹ். நான்தான் மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நின்றேன்.

பாஸ் பிறகு அடியில் படுத்துப் பார்த்தார். "இது கடக்கரையில மீன் ஏத்தின கார். வயல் பக்கம் போய்ச் சுத்திப்போட்டுத் திரும்பி வந்திரிக்கி" என்றார். வயல்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் எங்கோ ஒரு வீட்டில் சோறு தின்றுதான் வாங்கியிருப்பார்.

போன மாதம் அதை விற்க நினைத்தேன். சாகாமத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். நான் நேரே அடுப்படிக்குப் போய், "இறைச்சி ஆக்கு, சகன்ல வை" என்றேன். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வந்தவருக்கும் கேட்கிற மாதிரி, "முதல்ல அவர அந்த விரிப்பத் தூக்கிப் பாக்கச் சொல்லுங்க. சோறு அதுக்குப் பிறகு" என்றாள்.

அவர் தூக்கிப் பார்த்தார். பிறகு வயிறாரச் சாப்பிட்டார். கார் இன்னும் என் வாசலில்தான் நிற்கிறது.