வால்வு இல்லாத ஒரு நாள்

றொசல்லயிலிருந்து நோட்டன் பிரிட்ஜுக்கு மழையில் நடந்துகொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் குழாய் வேலை பார்த்த என்னை நிறுத்திவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான்.

தோட்ட மேலாளர் துரையின் பங்களாப் புல்தரைக்குப் போகும் குழாயில், தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் பித்தளை வால்வு உடைந்திருந்தது. புது வால்வு கொழும்பிலிருந்து வரவேண்டும். துரை அவசரப்படுத்தவே, கையில் கிடைத்த இரும்புக் குழாய்த் துண்டை அந்த இடத்தில் பூட்டிவிட்டேன்.

மறுநாள் பங்களாத் தோட்டக்காரர் ரப்பர் குழாயின் நுனியை உரம் கரைத்த பீப்பாய்க்குள் விட்டிருந்தார். மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ நான் அங்கே தண்ணீரை மூடினேன். உரத்தண்ணீர் பின்னால் இழுபட்டு, அதே குழாயில் கீழே இருக்கும் தொழிலாளர் வீடுகளான லயத்துக்கு வந்துவிட்டது.

பிள்ளைக்குப் பால்மா கரைக்கத் தண்ணீர் பிடித்த முத்தம்மா அக்கா, அதை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்தார்.

"என்னா தம்பி, தொரை வீட்டுப் புல்லுக்கு ஊத்துறத எங்க புள்ளைக்கும் ஊத்துறியா?"

லயம் முழுக்க ஓடி, பிடித்த தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். யாரும் குடித்திருக்கவில்லை. பிறகு கணக்கப்பிள்ளையிடம் நடந்ததைச் சொன்னேன்; வேலை போயிற்று.

நடந்து போய்ச் சேர்ந்த மறுநாள் காலை நோட்டன் பிரிட்ஜில், ஒரு குவாட்டர்ஸ் பூந்தோட்டத்துக்குக் குழாய் போட ஆள் தேடினார்கள்; போய் நின்றேன்.

"வால்வு வர நாளாகும். துண்டுக் குழாயப் போட்டு முடிச்சிரு" என்றார் அங்கே வேலை வாங்கிய மேஸ்திரி.

"வால்வு வந்தாதாங்க பூட்டுவேன்."

"அப்ப வர்ற வரைக்கும் குழாய் பதிக்கக் கான் வெட்டு."

மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன்.