ஹெங் கடை ரேசரும் தவீயின் புருவமும்

புருவம் இல்லாத ஒருவன் சாயங்காலம் படகுத்துறைக்கு வந்து நின்றால், அவனைப் பார்த்துக் கும்பிடுவதா, சிரிப்பதா? அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டு வைத்தேன். துறையில் இருந்த மற்றவர்களும் அதையேதான் செய்தார்கள். தவீ மாட்டிக்கொண்டது அதனால்தான்.

தவீ எங்கள் ஊர் நக்கோன் சாய் சீ ஆற்றில் படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். அவனுடைய பட்டறை கரையில் இல்லை. பீப்பாய்களின்மேல் பலகை அடித்த மிதவையில், தண்ணீரோடு தண்ணீராக ஆடிக்கொண்டிருக்கும். நல்ல உழைப்பாளி. ஆனால் வயிற்றுக்கு அடிமை. காலையில் கஞ்சி, மதியம் சோறு, வெயில் சாய்ந்ததும் வறுத்த வாழைப்பழம், இரவு நூடுல்ஸ், படுக்கும் முன் ‘சும்மா வாய்க்கு’ ஏதாவது. இரவுச் சாப்பாட்டுக்கு அடுத்தபடியாக அவன் உயிரையே வைத்திருந்தது ரம்பய்மேல்.

ரம்பயின் அம்மா லமய், துறையில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. மாப்பிள்ளையாக வருகிறவன் ஒரு தடவையாவது புத்த மடத்துக்குப் போய், தலையும் புருவமும் மழித்துக் காவி கட்டியிருக்க வேண்டும்.

“காவி கட்டாத ஆம்பளை வேகாத ஆம்பளை. வேகாததை நான் கடைக்கு வர்றவனுக்கே வைக்கறதில்ல. என் பொண்ணுக்கு வைப்பேனா?” என்று குழம்புக் கரண்டியை ஆட்டிச் சொல்வாள்.

பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தால்கூடப் போதும், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் மடத்தில் உச்சிவேளை தாண்டினால் சோறு கிடையாது. தவீ அந்த இடத்தில்தான் ஒவ்வொரு வருடமும் வழுக்கினான். இந்த வருடம் மோட்டார் வேலை, அடுத்த வருடம் முழங்கால் வலி, அதற்கடுத்த வருடம் பருவம் சரியில்லை.

அந்த மாதம் அவன் கடல் முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகளுக்கு வேலை செய்துவிட்டு இரண்டு வாரம் கழித்து ஊர் திரும்பினான். “இன்னைக்கு ராத்திரி சாப்பிட வா, ஒரு முடிவு பேசணும்” என்று லமய் ஆள் அனுப்பினாள். வெந்தவனாக முடியாவிட்டாலும் வழவழப்பானவனாகவாவது போய் நிற்போம் என்று தவீ புது ரேசர் வாங்கக் கிளம்பினான்.

எங்கள் ஊரில் நல்ல ரேசர் வேண்டும் என்றால் ஹெங் கடைக்குத்தான் போக வேண்டும். அது மடத்துச் சாமான் கடை. காவித் துணி, பிட்சைப் பாத்திரம், ஊதுவத்தி, அவற்றுக்கு நடுவே கனமான உலோக ரேசர், இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடு.

“எப்போ தம்பி காவி கட்டறே?” என்றார் ஹெங்.

“அண்ணாச்சி, இது தாடிக்கு.”

“இதை வாங்கற எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றாங்க. அமுக்காதே. அதோட கனமே இழுத்துக்கும். நீ சும்மா வழிகாட்டு.”

மிதவைக்கு வந்ததும் தவீ மோட்டார் பாகம் பூட்டுவதுபோலப் பிளேடைத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, கைப்பிடியைத் திருகினான். நுரை தடவினான். தூணில் தொங்கிய கண்ணாடி முன் நின்று முதல் இழுப்பு இழுத்தான். சர்ர்ர். வெண்ணெயில் கத்தி போனதுபோல் இருந்தது. இன்னொரு இழுப்பு. தவீக்குத் தன் கன்னத்தின்மேலேயே காதல் வந்துவிட்டது.

“பூன், தொட்டுப் பாருடா.”

பூன் அவன் கூட்டாளி. எண்ணெய்க் கையால் தொட்டுப் பார்த்தான். “கொழந்தையோட பின்பக்கம் மாதிரி இருக்கு மச்சான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் புதுக் கருவி கையில் இருந்தால் யாருக்குத்தான் நிறுத்த மனம் வரும்? காது மடலோரம் எடுத்தான். மூக்குக்குக் கீழே மறுபடி எடுத்தான். கடைசியில் இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒற்றை முடி ஒன்று நிமிர்ந்து நிற்பதைக் கண்டுபிடித்தான். ரேசரை அங்கே கொண்டுபோன அதே நொடியில் மணல் ஏற்றிய இழுவைப் படகு ஒன்று ஆற்றின் நடுவில் போனது. அலை வந்தது. மிதவை ஏறி இறங்கியது.

அந்த ஒற்றை முடி அப்படியே நின்றது. இடது புருவம்தான் நுரையோடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தது.

பூன் பலகையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “மச்சான், உன் மூஞ்சியில ஒரு பக்கத்துக்கு மட்டும் கெட்ட செய்தி வந்த மாதிரி இருக்குடா!”

“சிரிக்காதே. லமய் அத்தை கூப்பிட்டிருக்கு. என்ன செய்ய?”

“அந்தப் பக்கத்தையும் எடுத்துடு.”

எடுத்தான். இப்போது முகம் இன்னும் மோசமாக, அவித்த பலாக்கொட்டைக்கு முடி முளைத்ததுபோல் இருந்தது. பூன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு அவன் கண்ணில் ஒரு மினுக்கு வந்தது.

“தலையையும் எடுத்துட்டா? ரெண்டு வாரம் நீ ஊர்ல இல்ல. புருவமும் இல்ல, முடியும் இல்ல. பார்க்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

தவீ திகைத்தான். “பொய் சொல்லச் சொல்றியா?”

“நீ ஏன் சொல்லணும்? வாயை மூடிக்கிட்டு நில்லு. ஊரே சொல்லும்.”

அமுக்காதே என்று ஹெங் சொன்னது தலையை மழித்த பூனுக்குத் தெரியாது. தலையில் மூன்று இடத்தில் பிளாஸ்திரி ஒட்ட வேண்டியதாயிற்று. அதை மறைக்க பூன் தன் தொப்பியைக் கொடுத்தான்.

சாயங்காலம் துறையில் நடந்ததைத்தான் முதலிலேயே சொன்னேன். காவி அவிழ்த்து வந்தவனை எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் ‘தித்’ சேர்த்து மரியாதையாகக் கூப்பிடுவார்கள். “தித் தவீ, எப்போ வந்தீங்க?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தவீ தலையை மட்டும் ஆட்டினான்.

லமய் அவனைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே போட்டாள். “ஐயோ என் ராசா! யார்கிட்டயும் சொல்லாம போயிட்டு வந்துட்டியா!” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பன்றிக்கறி உருண்டைகளைக் கிண்ணம் வழிய அள்ளி வைத்தாள். ரம்பய் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். முகத்துவாரத்திலிருந்து ஒவ்வொரு நாள் இரவும் தவீ தொலைபேசியில் அவளிடம் பேசியது சிப்பி வறுவலைப் பற்றித்தான்.

“எந்த மடம்?” என்றாள் லமய்.

“கடல் பக்கம், அத்தை.” அதில் கடல் மட்டும் உண்மை.

“ராத்திரிச் சோறு இல்லாம எப்படிடா இருந்தே?”

“அதை நெனைச்சாலே கஷ்டமா இருக்கு அத்தை.” இது முழு உண்மை.

“பாவம்மா, உருண்டை இன்னும் போடு. சிப்பியா இருந்தா இன்னும் நல்லா எறங்கும்” என்றாள் ரம்பய். தவீக்குப் புரை ஏறியது. பதற்றத்தில் மிளகாய்ப்பொடியை ஒரு கரண்டிக்கு மூன்றாகக் கொட்டிக்கொண்டான். மூக்கு ஒழுகியது, நெற்றி ஒழுகியது. யோசிக்காமல் தொப்பியைக் கழற்றித் துடைத்தான்.

கடல் வெயிலில் கண்ணுக்கு மேல்வரை முகம் கருகல். அதற்கு மேலே தலை வெள்ளை வெளேரென்று, மூன்று பிளாஸ்திரியோடு, மேல்பாதி மட்டும் ஓடு உரித்த முட்டைபோல் பளபளத்தது.

லமய் விளக்கை இழுத்துக் கிட்டே பிடித்தாள். “ஏன் தம்பி, தெனம் காலையில பிட்சைக்குத் தொப்பி போட்டுக்கிட்டா போனே?”

தவீ கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். அவன் அதுவரை எந்தக் கிண்ணத்தையும் தள்ளி வைத்ததில்லை. “அத்தை... மன்னிச்சிடுங்க. புது ரேசர். மணல் படகு வந்துச்சு. புருவம் போச்சு.” பிறகு மெதுவாகச் சேர்த்தான்: “உங்ககிட்ட வேகாதவனா வந்து நிக்க பயமா இருந்துச்சு.”

ரம்பய் சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“எடு அந்த ரேசரை” என்றாள் லமய்.

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதைக் கையில் வைத்து எடை பார்த்தாள். “மடத்துக்குப் போறவன் கொண்டுபோக வேண்டிய எட்டுப் பொருள்ல ரேசரும் ஒண்ணு. இதை நீ வாங்கிட்டே. மிச்சம் ஏழையும் நான் வாங்கறேன்.”

“பதினஞ்சு நாள்தானே அத்தை?” என்று கேட்டான் தவீ.

“இன்னைக்கு உன் தலையில முடி இருந்திருந்தா பதினஞ்சு நாள். காவி கட்டறப்போ முதல் முடியை உங்க அம்மா வெட்டணும். இப்போ எதை வெட்டுவா, உன் காதையா? முடி வளரட்டும். அது வளர்றதுக்குள்ள மழைக்கால விரதம் வந்துடும். உள்ள போனா விரதம் முடியற வரைக்கும் வெளிய வர முடியாது. மூணு மாசம்.” நகர்த்திய கிண்ணத்தை மறுபடி அவன் பக்கம் தள்ளினாள். “இப்போ சாப்பிடு. சாப்பிட முடியறப்போ சாப்பிட்டுக்கோ.”

மழைக்கால விரதம் தொடங்கும் முன் தவீயின் அம்மா முதல் முடியை வெட்டினாள். பூன் தாமரை இலையை ஏந்தி அதை வாங்கினான். பிக்கு ஒருவர் அதே ரேசரால் தலையையும் புருவத்தையும் மழித்தார். அமுக்கவில்லை, ஒரு கீறலும் இல்லை. மூன்று மாதமும் விடியற்காலையில் தவீ சின்னப் படகைத் துடுப்புப் போட்டுக்கொண்டு பிட்சைக்கு வந்தான். லமய் படியில் மண்டியிட்டு, மற்ற பிக்குகளுக்கு ஒரு பொட்டலம் என்றால் அவனுக்கு இரண்டு வைத்தாள். பொய் சொல்வானேன், ரம்பய் மூன்றாவதையும் வைத்தாள்.

விரதம் முடிந்து காவி அவிழ்த்த அன்று அவன் நேரே நூடுல்ஸ் கடைக்கு வந்தான். லமய் அவன் தலையைக் குனியச் சொல்லி, உருண்டை வெந்ததா என்று பார்ப்பதுபோல உச்சியில் விரலால் அமுக்கிப் பார்த்தாள். முகமும் தலையும் ஒரே கருப்பு.

“வெந்திருக்கு” என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “ரம்பய், கிண்ணம் எடு.”

இதைப் படித்தவர்கள் புது ரேசர் வாங்கப் போகிறவர் யாரையாவது பார்த்தால் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். அவர் மிதவையில் நின்று மழிக்கிறவராக இருந்தால், கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிடுங்கள்.